கைப்பையில் இருந்த வெள்ளி ரூபாய்கள்

என் கணவர் கல்லூரியில் பொருளாதார வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். வங்காளத்தில், எங்கள் பாலிகஞ்ச் ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் பேச்சு முதல் உலகப் போருக்குப் போய்விடும். அப்போது வெள்ளி விலை ஏறி, ஒரு ரூபாய் நாணயத்தை உருக்கினால் ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்றாகிவிட்டதாம். உடனே, நாணயத்தை உருக்கக் கூடாது, கப்பலேற்றக் கூடாது என்று தடை. ஜனங்கள் கையில் காகித நோட்டு. "நம்ம வெள்ளிக்கு வெள்ளைக்காரன் பூட்டுப் போட்டான்" என்பார். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் மகள் வீடு வாங்கினாள். கிருஹப்பிரவேசப் பூஜையில் வைக்க, என் மாமியார் விட்டுப்போன வெள்ளி ரூபாய்களை எடுத்துப் போகலாம் என்றார் இவர். எல்லாம் அந்தப் போர்க் காலத்து, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை.

"ஏன்னா, இதெல்லாம் கொண்டு போலாமோ?"

"நூறு வருஷம் தாண்டினதுன்னா கூடாது. இத்தனூண்டை யார் பாக்கப் போறா?"

தாமே என் ரவிக்கைத் துணியில் சுற்றி, என் கைப்பையில் வைத்தார்.

விமான நிலையத்தில் ஸ்கேனரைத் தாண்டியதும் பையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். சுங்க அதிகாரி வந்தாள். என் மகளைவிடச் சின்னவள். நாணயங்களைத் திருப்பித் திருப்பி வருஷம் பார்த்தாள். இவர் ஆங்கிலத்தில் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரன் போட்ட தடையை நீங்கள் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள் என்று சத்தம் போட்டார். வரிசையே எங்களைப் பார்த்தது.

"இது நம்ம சட்டம் சார். பழம்பொருளை அனுமதி இல்லாம வெளியே கொண்டு போக முடியாது. இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கு இது தெரியாதா?"

இவர் என் கைப்பையைப் பார்த்தார். பிறகு, "நான் வைக்கலை. மிஸஸ் பேக் பண்ணினது" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி, பெரியம்மா என்று அழைக்கிற மாதிரி, வங்காளத்தில் கேட்டாள்: "மாஷிமா, நீங்களா வச்சீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. தெரியாம வச்சுட்டேன்."

"வீட்டுலயே இவ்வளவு படிச்சவர் இருக்காரே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" அன்பாகத்தான் சொன்னாள். எனக்குக் காது மடல் எரிந்தது.

வழக்குப் போடவில்லை. வழியனுப்ப வந்திருந்த என் தம்பியை வாசலுக்கு வரவழைத்து, நாணயங்களை அவன் கையில் ஒப்படைத்தார்கள். விமானத்தில் இவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, "நீ சொன்னா விட்டுடுவான்னுதான்..." என்று இழுத்தார். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

பூஜை முடிந்த அன்று மத்தியானம், சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இவ பண்ணின காரியத்தைக் கேளுங்கோ" என்று இவர் தொடங்கினார். கதையில் இப்போது அவர்தான் அதிகாரியிடம் பேசி என்னை மீட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. என்னையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னால் போய் அவளிடம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.