கஞ்சி போட்ட நூறு ரூபாய்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். கைபேசியில், நம் நாணயச் சேகரிப்பாளர் குழுவில் தெலுங்கில் ஒரு வரி வந்தது. குமுதா மேடம் இக லேரு. இனி இல்லை. அதற்கு நேர்மேலே யாரோ ஒரு காலணாவின் படத்தைப் போட்டு விலை கேட்டிருந்தார்கள். பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பதியில் ஒரு லாட்ஜின் மாடிக் கூடத்தில் நாம் சேரும்போது, பழைய காசுக்கும் நோட்டுக்கும் தரம் சொல்லும் மேசையில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நோட்டு வெளியே வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். சித்திரையிலும். வேர்த்துக்கொண்டே பார்ப்போம்.

நாங்கள் ஒத்துப்போனது குறைவு. வெள்ளிக்கிழமை பூஜைக்காகப் புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாயைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தேய்த்தால் காசின் மேல்தோல் போய்விடும். பிறகு அது வெறும் வெள்ளி. அவருக்குக் கோபம் வராது.

"சாமிக்கு வச்சதுப்பா. உனக்கு விக்கிறதுக்கா வச்சாங்க?" என்றார் ஒருமுறை. ஆனால் தரத்தில் ஒரு படிகூட ஏற்றித் தரவில்லை.

போன கோடையில் நகரியிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். வயதானவர். பழைய நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். புது நோட்டுபோல விறைப்பாக நின்றது. மதனபள்ளி வியாபாரி ஒருவர் அதை எடுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, பழையதைப் புதிதாகக் காட்டும் மோசடி என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. இவர் பெயரைக் குழுவில் போடுங்கள், இனி யாரும் இவரிடம் வாங்கக்கூடாது என்றார். பெரியவரிடம் சேலை எடுப்பவர்கள் இரண்டொருவர் அந்தக் கூடத்திலேயே இருந்தார்கள். அவர் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

குமுதா மேடம் நோட்டை ஓரங்களில் மட்டும் பிடித்தார். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். நசுங்கிய மடிப்புகள் தெரிந்தன. திருப்பினார். எண் அச்சிட்ட இடத்தின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படவேண்டிய மேடு இல்லை. பிறகு, நான் அதுவரை பார்க்காத ஒன்று: நோட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணீங்களா அண்ணா?"

"ஆமாம்மா. கசங்கிக்கினு இருந்துச்சு. சந்தைக்குப் பொடவ எடுத்தாந்தா கஞ்சி போட்டுத்தான எடுத்தாருவோம். இத மட்டும் அப்டியே எப்டி உங்க முன்னால வெக்கிறது?"

மேடம் வியாபாரியிடம் திரும்பினார்.

"ஏமாத்த வந்தவரு ஆமான்னு சொல்ல மாட்டாரு. நோட்டுக்குத் தரம் போடுங்க. ஆளுக்குப் போடாதீங்க."

நோட்டைப் போடும் உறையின் மேல், இருப்பதிலேயே கீழான தரத்தைத்தான் எழுதினார். அதன் கீழே, கஞ்சியிட்டுத் தேய்க்கப்பட்டது. அவ்வளவுதான்.

தண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சி போய்விடுமா என்று பெரியவர் கேட்டார்.

"வேணாம் அண்ணா. அதுக்குக் குளிப்பாட்டி சட்ட போட்டது போதும். இனிமேலாவது படுக்க விடுங்க."

முதலில் சிரித்தவர் பெரியவர்தான். நோட்டை விற்காமல் எடுத்துப்போனார். அடுத்த மாதம் விற்க எதுவும் இல்லாமலே வந்தார், சும்மா பார்க்க.

துக்கத்துக்குப் போனபோது, புத்தூரில், மேடத்தின் வீட்டு வாசலில், அந்த நெசவாளர் என்னைத் தேடி வந்தார். இனி அந்த மேசையில் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"அந்தம்மா தரத்தக் கொறச்சுத்தான் சொன்னாங்க. ஆனா நான் தல நிமிந்துதான் ஊட்டுக்குப் போனேன். நீ சொன்னாலும் அப்டிப் போவ முடியுமா?"

பார்க்கிறேன் என்றேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. குறை கண்ணில் பட்ட பிறகும், அதைச் சொல்லும் முன், கொண்டுவந்தவரை ஒரு வார்த்தை கேட்பது.