பென் டிரைவில் லாபக்காய் இல்லை

அக்காவின் கல்யாண வீடியோ அறுபது ஜிபி. அவளுக்கு இன்று சாயங்காலம் ரயில். அவசரமாக 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கி, கடையிலேயே வீடியோவை ஏற்றித் தரச் சொன்னேன்.

இடம் பற்றவில்லை. திரையில் பார்த்தால் மொத்தமே 59.6 ஜிபிதான்!

"என்ன அண்ணாச்சி, எடை குறையுது?" என்று கத்திவிட்டேன்.

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "குறையலம்மா. ஆயிரம் பைட்டை ஒரு கேபின்னு சொல்லுதான் கம்பெனிக்காரன். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்துநாலு இருந்தாத்தான் ஒத்துக்கிடும். எம்பி, ஜிபின்னு ஏற ஏற அந்த வித்தியாசமும் ஏறும்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. இது எங்கள் தேங்காய்க் கடைக் கணக்கு அல்லவா! 1940களில் தாத்தா கடை போட்டதிலிருந்து, ஆயிரம் காய் வாங்குகிறவருக்கு இருபது லாபக்காய் சும்மா போடுகிறோம். கம்ப்யூட்டர் இருபத்துநாலு கேட்கிறது. கம்பெனிக்காரன் ஒன்றுகூடப் போடவில்லை!

"அப்ப என் லாபக்காயை நீங்க குடுங்க அண்ணாச்சி!"

அவர் மேசை டிராயரைத் துழாவி, யாரும் வாங்காத பழைய 4 ஜிபி பென் டிரைவ் ஒன்றை நீட்டினார். "இந்தா, வச்சுக்கோ. ஆளை விடு தாயீ."

மற்றதெல்லாம் பெரியதில் ஏற, பந்திக் காட்சி மட்டும் இதில் ஏறியது. அக்காவும் ரயில் ஏறிவிட்டாள்.

அந்தக் கம்பெனிக்காரர் ஒரு நாள் எங்கள் கடைக்குத் தேங்காய் வாங்க வரட்டும். எண்ணி ஆயிரம்தான் கொடுப்பேன். நியாயம்தானே, நீங்களே சொல்லுங்கள்!