சாட்சி சொல்லாத கல்

இப்போது கூட்டங்களில் என்னை நீர்ச் சட்டத்திலும் சுற்றாடல் சட்டத்திலும் தேர்ந்தவர் என்று அறிமுகம் செய்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். அந்தத் துறையில் நான் செய்த முதல் காரியம், சரவணையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றை வழக்காடிக் கெடுத்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நான் புது வழக்கறிஞன்; பிரக்கிராசி என்பார்கள். என் கறுப்புக் கோட்டு இரண்டு அளவு பெரிது. தொழில் வளர உடம்பும் வளரும் என்று தையற்காரர் சொன்னதை நம்பியிருந்தேன்.

என்னிடம் வந்தவர் ஐம்பது வயதுத் தோட்டக்காரர். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அவருக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஒரே கிணறு. காணிப் பத்திரமான உறுதியில் ஆளுக்கு அரைப் பங்கு; ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு முறை. அந்தப் பெண் வீட்டில் கையால் இறைக்கும் துலாதான். மிசின் தண்ணீரை அடிமட்டம்வரை இழுக்கிறது என்று அந்தப் பெண் மிசினைக் கிணற்றடிக்கு வரவிடாமல் மறித்துவிட்டாராம். அதற்குத்தான் வழக்கு.

சாட்சிக் கூண்டில் அந்தப் பெண் நிமிர்ந்து நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

"கிணத்துக்குள்ளை வடக்குப் பக்கம் ஒரு கல்லு நீட்டிக்கொண்டு நிக்குது. அந்தக் கல்லுத் தெரிஞ்சால் ஆரும் இறைக்கிறேல்லை. அதுக்குக் கீழை இறைச்சால் கடல் தண்ணி மேலை வந்திடும்."

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"உறுதியிலை கல்லு எழுதிக் கிடக்குதோ?"

"இல்லை."

"அப்ப கல்லைக் கூப்பிட்டால் கூண்டிலை ஏறிச் சாட்சி சொல்லுமோ?"

நீதிபதி உட்படச் சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஏறாது ஐயா. நீங்கள்தான் இறங்கிப் பாக்கவேணும்."

வழக்கில் வென்றேன். முறை நாளில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று உறுதியில் எல்லை இல்லை என்பது தீர்ப்பு. வென்றவன் மூன்று நாளாவது மிதப்பாகத் திரிய வேண்டும். எனக்கோ கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. எந்த வழக்குக் கட்டை அவிழ்த்தாலும் 'இறங்கிப் பாக்கவேணும்' என்ற குரல்தான் கேட்டது. அடுத்தடுத்த சனிக்கிழமை, கோட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி நாரந்தனை தாண்டிச் சரவணைக்குப் போனேன்.

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கல் முழுதாக வெளியே நின்றது. தண்ணீர் அதற்கும் ஒரு பாகம், ஆறடி, கீழே கிடந்தது. வாளியை விட்டு அள்ளிக் குடித்தேன். ருசி விளங்கவில்லை. இன்னொரு வாய். மூன்றாம் வாயில்தான் நாக்கின் ஓரம் உப்புத் தட்டியது.

"என்ன பிரக்கிராசியார், அப்பீல் வைக்க வந்தனீங்களோ?" வேலிக்கு அப்பால் அந்தப் பெண்.

"கொஞ்சம் சவராக் கிடக்கு," என்றேன்.

"ரண்டு கிழமைக்கு முந்தி இல்லை."

என்னைக் கூப்பிட்டுத் தன் மிளகாய்க் கன்றுகளைக் காட்டினார். இலைகளின் ஓரம் தீய்ந்ததுபோலச் சுருண்டிருந்தது. "இந்த வருசம் எங்கடை வீட்டுச் சீவியம் உதுதான்," என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கட்சிக்காரரான தோட்டக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணை, மிசினை நிப்பாட்டுங்கோ."

"தம்பி, நீர்தானே வெண்டு தந்தனீர். வழக்கிலை ஒரு கதை, கிணத்தடியிலை ஒரு கதையோ?"

"ஓம் அண்ணை." தொழிலுக்கு வந்தபின் நான் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

அவர் மிசினையே பார்த்துக்கொண்டு நின்றார். "கல்லை எனக்குத் தெரியாதோ? அவவின்ரை மிளகாய்க்குப் பக்கத்திலைதானே என்ரையும் நிக்குது. ஆனால் வெண்டு போட்டு நிப்பாட்டினால் சனம் சிரிக்கும்."

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாத வழி.

"சனம் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். பிழை என்ரை எண்டு எழுதித் தாறன்."

"முதல் வரியிலையோ?"

"முதல் வரியிலை."

எழுதினேன். 'பிரக்கிராசியார் கிணற்றை ஒருமுறையும் பாராமல் வழக்காடிய படியால்' என்று தொடங்கி, வடக்குப் பக்கத்துக் கல் தெரிந்தால் மிசினும் துலாவும் நிற்க வேண்டும் என்று முடித்தேன். இருவரும் கையெழுத்திட்டார்கள். முதல் வரியைக் கட்சிக்காரர் ஊரெல்லாம் வாசித்துக் காட்டினார் என்று கேள்வி. நீதிமன்ற வாசலில் வெற்றிலை விற்றவரே என்னிடம், "கிணறு பாத்தாச்சோ?" என்று கேட்டார்.

ஆனால் உப்புக் கையெழுத்துக்குக் கட்டுப்படுமா? மிளகாயில் பாதி பட்டுப்போனது, இரண்டு தோட்டத்திலும். அந்தப் பெண் மிச்சக் கன்றுகளுக்கு அயற்கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தார். நான் சனிக்கிழமை தவறாமல் போய் ஒரு வாய் குடித்துவிட்டு வருவேன். மாரி பெய்தது. வெள்ளம் பட்டதும் உப்பு இறங்கியதா, என் மனம்தான் அப்படிச் சொல்கிறதா என்று தெரியவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, கல் தண்ணீருக்குள் மறைந்து கிடந்தது. அந்தப் பெண் செம்பில் அள்ளித் தந்தார். குடித்தேன்.

"சவரில்லை," என்றேன்.

"உங்கடை நாக்குச் சவருக்குப் பழகிப்போச்சு. உங்கடை சாட்சி எடுபடாது." செம்பை வாங்கி, வேலிக்கு மேலாகக் கட்சிக்காரரிடம் நீட்டினார். "அண்ணை, நீங்கள் குடியுங்கோ."

வழக்குக்குப் பிறகு அவர்கள் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன். கட்சிக்காரர் ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வாயில் வைத்து, செம்பைக் கவிழ்க்கும்வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"நாளைக்கு ஆரின்ரை முறை?"

"என்ரை," என்றார் அந்தப் பெண்.