பானட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பானட்டின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்பு வரை தண்ணீர். அண்ணனும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்து நின்றோம். அண்ணனை நினைத்தால் அவன் முகத்துக்கும் முன்பே அந்த டம்ளர்தான் எனக்கு நினைவில் வருகிறது.

மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அவன். இளவயதில் வாங்கிய அந்தக் கறுப்புக் கார் அப்போதே பழசு. மதினி இறந்த பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதில் தனியாக வாடிப்பட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வருவான். வீடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். பஸ்ஸில் போகலாமே என்றால் கோபம் வந்துவிடும். “உங்க மதினியப் பாக்க நான் பஸ்ல தொங்கிக்கிட்டா போவேன்?” என்பான்.

பிறகு அவன் கை நடுங்கத் தொடங்கியது. இது நரம்பு சம்பந்தப்பட்டது, கூடத்தான் செய்யும், இனி கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அண்ணன் என்னிடம் சொன்னது வேறு. “கை ஆடல பாப்பா, காருதான் ஆடுது. எஞ்சின் ஃபேன்ல பேலன்ஸ் இல்ல. அந்த நடுக்கந்தான் ஸ்டியரிங் வழியா கைக்கு ஏறுது.” பேரன் பேத்தி எடுத்த என்னை அவன் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டான். “ஏண்ணே, சோத்துத் தட்டுலயுமா எஞ்சின் ஓடுது?” என்று கேட்டேன். “அது பழக்கத்துல ஆடுது” என்றான், சிரிக்காமல்.

வம்பு என்னவென்றால், ஃபேனும் உண்மையிலேயே ஆடியது. யாரோ எந்தக் காலத்திலோ தூரிகையால் அப்பிய பெயிண்ட் ஒரு இறக்கையில் கட்டியாக நின்றது. இன்னொன்றில் உரிந்து துரு தின்றிருந்தது. எஞ்சினைப் போட்டால் பானட்டில் வைத்த தண்ணீர் சிந்தும். அதை அவன் எனக்குக் காட்டிக் காட்டி மகிழ்ந்தான். அந்த மகிழ்ச்சியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்தோம். உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தோம். தெரிந்த பெயிண்டரிடம் கொடுத்து மெல்லிசாக ஸ்பிரே அடித்து வாங்கினோம். நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு இரும்புத் தகடுகளின் விளிம்பில் அதை வைப்பான் அண்ணன். ஃபேன் தானே மெல்லச் சுற்றும். கனமான இறக்கை கீழே வந்து நிற்கும். அதன் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அரம் அவன் கையில் நிற்காததால் ராவுகிற வேலை எனக்கு. நான் ஃபேனைப் பிடித்தபடியே இருந்தால், “கைய எடு பாப்பா, அதுபாட்டுக்கு நிக்கட்டும்” என்பான். எந்த இறக்கையும் கீழே வராமல், விட்ட இடத்தில் விட்டபடி அது நின்ற மத்தியானம், நடுங்கும் விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான். ராவிய இடத்தில் பெயிண்ட் தொட்டு வைத்து, மெக்கானிக்கை வரவழைத்து மாட்டினோம்.

அப்புறம்தான் அந்த டம்ளர். மெக்கானிக் போனதும் எஞ்சினைப் போட்டுவிட்டு வந்தான். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் கார் கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். வளையல் போட்ட கையாக இருந்தால் சத்தம் கேட்டிருக்கும், அப்படி ஆடியது கை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து டம்ளரை எடுத்தான். வாய்க்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. “காரு சரியாயிருச்சு பாப்பா” என்று சாவியை என்னிடம் நீட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரை ஓட்டவில்லை.

இப்போது அண்ணனும் வாடிப்பட்டியில், மதினி பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஓட்டிப்போகிறேன். கிளம்பும் முன் எஞ்சினைப் போட்டு, பானட்டில் அதே டம்ளரை வைத்துப் பார்ப்பேன். இன்றும் சிந்தவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பாழாய்ப் போன ஃபேனே, அன்றைக்கு மட்டும் நீ கொஞ்சம் ஆடியிருக்கக் கூடாதா?