மீதி நாடாவில் ஒரு குரல்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.20 மணி
ஆனையூர், மதுரை

நினைவு எண் 31: பாதியில் அறுந்த ஆங்கிலப் பாட்டு

நண்பர்களுக்கு,

சூடேறிய டேப் ரெக்கார்டரின் வாசனை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தூசியும் ரப்பரும் சேர்ந்து வேகிற வாசனை... கீழவாசல் பக்கம் என் நண்பன் காசிம் நடத்திய ரெக்கார்டிங் கடை முழுக்க அதுதான். மின்விசிறி ஒன்றே ஒன்று. அதுவும் இயந்திரங்களைப் பார்த்துத்தான் சுழலும். மனிதர்கள் வியர்க்க வேண்டியதுதான்.

வெற்று கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாடல்களைச் சொல்லிவிட்டு வந்தால் பதிந்து தருவான். 1985 மார்ச் 9, சனிக்கிழமை. சமயநல்லூரில் மில் அலுவலக வேலையை அரை நாளில் முடித்துக்கொண்டு வந்து, நான் கேட்டிருந்த பழைய சினிமாப் பாடல்களை வாங்கிச் சென்றேன். காசிம் அது ஏப்ரல் என்பான். ஏப்ரலில் நான் மதுரையிலேயே இல்லை.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல் முடிந்தது. அடுத்த நொடி, ஒரு கித்தார்.

பிறகு ஒரு குரல். ஆங்கிலம். கேட்க ஆளில்லாத அறையில் தனக்குத்தானே பாடிக்கொள்வது போன்ற குரல். பெண் என்று முடிவு செய்தேன். ஓரிரண்டு நிமிடம்தான். ஒரு சொல்லின் நடுவே நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

மறுநாளே சண்டைக்குப் போனேன்.

“நான் கேட்டது பழைய பாட்டு. கடைசியில எவளோ இங்கிலீஷ்காரி பாடுறா. யாரைக் கேட்டுப் போட்ட?”

“மிச்ச டேப்பைக் காலியா விட்டா, ஏமாத்திட்டேன்னு சண்டைக்கு வாராய்ங்க. நெரப்பிக் குடுத்தா நீ சண்டைக்கு வார. நான் என்னதான் மாப்ள செய்ய?”

“சரி, அது யாரு?”

“வெளிநாட்டுக்காரர் ஒருத்தரு ரெக்கார்டு கொண்டாந்தாரு, காப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நான் ஊசியப் பாப்பனா, அட்டையில பேரப் பாப்பனா?”

அன்று பிடித்தது எனக்கு அந்தப் பாட்டுப் பித்து. பேருந்தில், அலுவலகத்தில், சாப்பாட்டுக்கு நடுவில், அந்த அரைச் சொல் வந்து நிற்கும். அதற்குப் பின் என்ன வரும் என்று நானே இட்டுக்கட்டுவேன். ஒன்றும் பொருந்தாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் மில் வேலையாகப் போகும்போதெல்லாம் இசைத்தட்டுக் கடைகளில் ஏறி, கித்தார் வாசித்துப் பாடும் ஆங்கிலப் பெண்ணைக் கேட்பேன். எத்தனையோ பெண்களைப் போட்டுக் காட்டினார்கள். அவளில்லை. இணையம் வந்த பிறகும் அதே தேடல்தான். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றை என் மகள் போனில் ஏற்றித் தந்தாள். எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் கையை விரித்துவிட்டது.

இந்த மே மாதம் காது மருத்துவர் சோதித்துவிட்டு, வலக் காது முடிந்துவிட்டது, இடக் காதும் இறங்குகிறது என்றார். அதன் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கேசட்டில் அந்தக் குரலும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. நாடா தேய்கிறது என்று நினைத்தேன். இடக் காதும் போவதற்குள் அந்தப் பாட்டின் முடிவைக் கேட்டாக வேண்டும்... வேறு எதுவும் ஓடவில்லை.

ஜூலை 27, சனிக்கிழமை, கேசட்டையும் பிளேயரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு காசிமிடம் போனேன். கடையில் இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. அவன் மகன் நடத்துகிறான். காசிம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். நான் தேடிய கதையைச் சொன்னேன். முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை.

“பொம்பளையா? எவன் சொன்னது? அன்னைக்கு நீ கத்துன கத்துல எனக்கு அது காதுல விழல. பாட்டுப் பதியிற டெக்கு ஸ்க்ரூவத் திருகி மெதுவா ஓட விட்டிருந்தேன் மாப்ள. அப்பத்தான அறுவது நிமிசத்துல கூட ரெண்டு பாட்டு அடங்கும். அதைக் கொண்டுபோயி உன் வீட்டுல போட்டா, எல்லாரும் ஓட்டமா ஓடுவாய்ங்க. குரலு கீச்சுனு ஏறிரும்.”

“முப்பத்தொம்போது வருசமா ஒரு பொம்பளையத் தேடிக்கிட்டுத் திரிஞ்சேன்டா!”

“இதை வீட்டுல போயிச் சொல்லிறாத.”

சினிமாப் பாடகர்கள் அவசரப்படுகிறார்கள் என்று என் பிளேயரை இருமுறை பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். அதுவும் அவனுக்குத் தெரியும்!

பிளேயரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு சிறு திருகாணியைத் திருகினான். நாங்கள் இருவரும் நன்கறிந்த ஒரு சினிமாப் பாடகர் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தார். பிறகு நாடாவைக் கடைசிக்கு ஓட்டினான்.

ஆண். தடித்த, களைத்த, அவசரமே இல்லாத குரல். மெலியவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

செயலி இம்முறை உடனே பெயரைச் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஏதோ கிராமத்துக்காரர். தாமே எழுதி, தாமே மெட்டமைத்துச் சில தட்டுகள் பதிந்திருக்கிறார். வாங்குவார் இல்லை. பாடுவதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாராம்.

போனை இடக் காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டேன். அறுந்த சொல் வந்தது, கடந்தது. அதற்குப் பின் இருந்தது ஒரே ஒரு சரணம். பேச்சை முடித்துக்கொண்டு ஒருவர் எழுந்து போவது போல் பாட்டு முடிந்தது. நான் இட்டுக்கட்டிய முடிவு எதிலும் அது இல்லை.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

“அப்ப டீ சொல்லு.”

திங்களன்று மருத்துவரிடம் கேட்டேன். கீச்சென்ற மேல்குரல்கள்தான் முதலில் போகும், தடித்த கீழ்க்குரல்கள் இன்னும் சில காலம் தங்கும் என்றார். தேய்ந்தது நாடா இல்லை. நான் தேடிய பெண் என் காதிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். இந்த மனிதர் இன்னும் இருக்கிறார்.

அன்று ஒரு பெயருக்காக ஊர் ஊராக அலைந்தபோது, காது இருந்தது, பாட்டு இல்லை. இன்று அவர் பாடியதெல்லாம் கைக்குள் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று திட்டமிட்டேன். பொறுமை இல்லை, இரண்டு மூன்று கேட்டுவிடுகிறேன். தினமும் எழுந்ததும் முதல் வேலை, இன்னும் கேட்கிறதா என்று பார்ப்பது.

இத்துடன் இணைத்திருப்பவை:

1. பாடகரின் பெயரும் அந்தப் பாட்டுக்கான சுட்டியும். முழுதாகக் கேட்ட பிறகே கருத்துச் சொல்லவும்.

2. காசிமும் நானும் கடை வாசலில் எடுத்துக்கொண்ட படம். சிரிப்பவன் காசிம்.

3. என் காதுப் பரிசோதனை அறிக்கையின் நகல். அனுதாபத்துக்காக அல்ல. போனில் அழைப்பவர்கள் அதில் சரிந்து இறங்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டு, கீச்சிடாமல் கனத்த குரலில், நிதானமாகப் பேசவும். இடப் பக்கம் வைத்துத்தான் கேட்பேன்.