இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசல்

இருபது வருடம் லாரி ஓட்டினேன். முதுகு வலி தாங்காமல் இறங்கி, ஒரு பழைய டீசல் காரை வாங்கி நாமகிரிப்பேட்டையில் வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். மலைப்பாதையில் பதினாறு டன் பாரத்தை இறக்கியவனுக்குக் கார் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அப்போது எனக்கு எகத்தாளம். அந்த எகத்தாளம் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என் நிரந்தர வாடிக்கை. கணவர் இல்லை. ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும் மகளைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மாதம் ஒருமுறை சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் போவார்கள்.

முதல் தடவை வாடகை பேசும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கொழந்தையத் தூக்கிட்டு ஊட்டுக்கு வார வரைக்கும் இதே வாடகைதானுங்க. ஒத்த ரூவா ஏத்த மாட்டேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

டீசல் விலைக்கு என் வாக்குறுதி தெரியவில்லை. தினமும் காலையில் சில பைசா ஏறிக்கொண்டே போனது. ஒரேயடியாகப் பத்து ரூபாய் ஏற்றினால் ஊர் கூடிச் சண்டை போடலாம். இப்படிப் பைசா பைசாவாக ஏறினால் யார் சட்டையைப் பிடிப்பது? நான்காவது தடவை சேலம் போய் வந்தபோது, கைக்காசைப் போட்டு ஓட்டுகிறோம் என்று எனக்கே உறைத்தது.

என் மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "வாய உட்டுப்போட்டு இப்ப முழிச்சா ஆச்சுங்களா? போயி சொல்லுங்க. அந்தக்கா தராமயா போயிரும்?"

"சொன்னது சொன்னதுதான்" என்றேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வாடகையை ஏற்றவும் மானம் இடம் கொடுக்கவில்லை, நஷ்டப்படவும் மனம் வரவில்லை. அப்போதுதான் லாரிக்காரப் புத்தி வழி காட்டியது.

லாரியில் மிச்சம் பிடிக்கும் டீசலுக்கு ஓனர் தனியாகக் காசு கொடுப்பார். அதனால் இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் உருள விடுவோம். செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், செய்யாதவர்கள் குறைவு. பிரேக்குக்கான காற்று தனி டேங்கில் நிறைந்திருக்கும், அந்தத் தைரியம். ராசிபுரம் தாண்டி நெடுஞ்சாலை ஏறினால் சேலம் வரை வரிசையாக மேம்பாலங்கள். ஒவ்வொரு மேம்பாலமும் இறங்கும்போது வலது கையால் சாவியைப் பின்னால் திருகி இன்ஜினை அணைத்தேன். சத்தமே இல்லாமல் கார் உருண்டது. "என்னங்ணா, வண்டி தேர் மாதிரி போவுது!" என்று அந்த அம்மா பின்னாலிருந்து சொன்னபோது எனக்குப் பெருமைகூட வந்தது.

அது ஆறாவது மாதச் செக்கப். மேம்பாலத்தின் மேலே இன்ஜினை அணைத்து, முன்னால் போன இரண்டு வண்டிகளுக்காக இரண்டு தடவை லேசாகப் பிரேக்கை மிதித்தேன். பாலம் முடியும் இடத்தில் ஒரு டவுன் பஸ், கை காட்டிய யாருக்காகவோ நடுரோட்டில் நின்றது. மூன்றாவது தடவை மிதித்தேன். பிரேக் இறங்கவில்லை. கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. கார் பிரேக்கின் பலம் இன்ஜினிலிருந்து வருகிறது, அது அணைந்தால் இரண்டு மிதியோடு சரி என்பது இருபது வருடம் வண்டி ஓட்டிய எனக்கு அந்த நிமிடம் வரை உறைக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, உடம்பின் பலம் முழுவதையும் போட்டு இடப்பக்கம் திருப்பினேன். பஸ்ஸை ஒரு முழ இடைவெளியில் தாண்டி, ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறிக் கார் நின்றது.

பின்னால் அந்தப் பெண் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மிணி, அம்மிணி" என்று அவள் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார் அம்மா. "பிரேக்கு மக்கர் பண்ணிருச்சுங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை இன்ஜின் அணையவில்லை என்று சொல்லத் தேவையில்லை. மகளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். அந்த ஒரு மணி நேரம் வேண்டாத தெய்வம் இல்லை. எனக்கு என்ன ஆனாலும் சரி, இந்தப் பிள்ளை தங்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அவ்வளவு பயத்தை நான் மலைப்பாதைகளில் பட்டதில்லை.

அம்மா வெளியே வந்தார். "துடிப்பு நல்லாக் கேக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒண்ணும் பயமில்லீங்களாம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "ஏனுங்ணா, பிரேக்குக்கு நெம்பச் செலவாகுங்களா? எங்களுக்காவ ஓடுன வண்டி. நானும் பாதி தாரேனுங்க" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இன்ஜினை அணைத்ததை, எதற்காக அணைத்தேன் என்பதை, எப்போதிலிருந்து அணைக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "வாடக பத்தலீங்கன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்களா? மிச்சம் புடிக்கறதுக்கு என்ற புள்ள வவுறுதான் கெடச்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஊர் மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மாதிரி வண்டியில இறக்கத்துல கியர்லயே உட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாப் போதுமுங்க. டீசல அதுவே நிறுத்திக்கும். நீங்க அணைச்சதுல என்னத்த மிச்சம் பண்ணுனீங்க?" என்றார். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக இரண்டரை உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

அடுத்த செக்கப்புக்கு அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் நியாயம்தான். ஆனால் அன்று காலை மகளோடு கார் ஸ்டாண்டுக்கு வந்தார். மகளைப் பின்னால் பத்திரமாக உட்கார வைத்தார். எப்போதும் அவளோடு பின்னால் உட்காருகிறவர், முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும் முன்பே பணத்தை என் கையில் வைத்தார். பழைய வாடகையைவிடக் கூடுதலாக இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வையுங்கண்ணா. ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் சேத்தித்தான் குடுத்திருக்கேன். ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினேன். சேலம் போய்ச் சேரும் வரை, ஒவ்வொரு மேம்பாலம் இறங்கும்போதும் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. சாவிப் பக்கம் இருந்த என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.