பேர்ணடெற் காம்பரை இறக்குகிறார்

முன் ஜாக்கிகளுக்கு நாலு சுற்று, பின் ஜாக்கிகளுக்கு நாலு சுற்று. காம்பரின் நாலு மூலைக்கும் ஓடி ஓடிச் சுற்றிவிட்டு, அடியில் வைத்த பலகைகள் விலகவில்லையே என்று பேர்ணடெற் குனிந்து பார்த்தார். விலகவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

விமானங்களுக்குச் சாப்பாடு பொதி பண்ணும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவர். சாப்பாடெல்லாம் ஊர் ஊராகப் பறக்க, தான் மட்டும் ஸ்காபரோவில் கிடப்பதா என்ற ஆத்திரம் அவருக்கு. ஓய்வு பெற்ற கையோடு பழைய பிக்கப் வண்டி ஒன்றையும், அதன் முதுகில் ஏற்றும் காம்பரையும் வாங்கினார். கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ள குட்டி அறை அது. கணவர் அகஸ்ரின் பக்கத்து இருக்கையில் குறட்டை விட, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிபக்ஸ் வரை ஓட்டியிருக்கிறார்.

நவம்பர் வந்தால் ரூஜ் பகுதியிலுள்ள தன் வீட்டு டிரைவ்வேயில் காம்பரை ஜாக்கிகளில் உயர்த்தி, வண்டியை அடியிலிருந்து எடுத்துவிட்டு, அதை அப்படியே நெட்டையாக நிற்க விடுவார். காற்றடித்தால் ஆடும். அடுத்த வீட்டு ஜெயரட்ணத்துக்கு நெஞ்சு பதறும்.

“அக்கா, உதைக் கீழ இறக்கிக் கட்டையில வையுங்கோ. பிள்ளையள் ஓடித்திரியிற இடம்.”

“இறக்கினா ஏத்த அரைநாள் போகும், தம்பி. நினைச்ச உடன வெளிக்கிட வேணுமெல்லோ?”

இந்த வருடம் நினைத்த உடனே வெளிக்கிட முடியாது. அகஸ்ரினின் சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன. திங்கட்கிழமை தொடக்கம் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவரைக் கொண்டுபோக வண்டி வேண்டும். காம்பர் திரும்ப எப்போது ஏறும் என்று டொக்டருக்கும் தெரியாது. பேர்ணடெற்றுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

காம்பரை வண்டியோடு பிணைத்த கட்டுக் கம்பிகளை முதலே கழற்றியாயிற்று. காஸ் மூடியாயிற்று. காம்பரும் போதிய அளவு உயர்ந்துவிட்டது. வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணியவர் திடுக்கிட்டுக் குதித்து இறங்கினார். காம்பரின் மின்வயர் இன்னும் வண்டியில் செருகியபடி இருந்தது. ஆறு வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை.

“என்னப்பா, ஆறுதலாச் செய்யுமன்,” என்றார் வாசல் கதிரையில் இருந்த அகஸ்ரின்.

“ஆறுதலா இருக்கத்தானே இனி நெடுக நேரமிருக்கு!”

வெடுக்கென்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே வருந்தினார்.

வயரைக் கழற்றி, வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே எடுத்தார். பிறகு, வேலிக்கு அப்பால் நின்ற ஜெயரட்ணம் வாயைத் திறக்கும் முன்பே, ஜாக்கிகளை மறுபக்கம் சுற்றத் தொடங்கினார். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். காம்பர் தணிந்து தணிந்து வந்து, அடியில் அடுக்கிய கட்டைகளின் மேல் அசையாமல் அமர்ந்தது. இத்தனை வருடம் கேட்டது நடந்தும் ஜெயரட்ணத்துக்குச் சந்தோஷமாக இல்லை. உள்ளே போய்விட்டார்.

பேர்ணடெற்றுக்கு நிற்கவும் முடியவில்லை, வீட்டுக்குள் போகவும் மனமில்லை. காம்பரின் கதவைத் திறந்தார். உயரம் இப்போது முழங்காலளவுதான்.

“இஞ்சருங்கோ, எழும்புங்கோ.”

“எங்க போறம்?”

“வாங்கோவன்.”

கையைப் பிடித்து மெல்ல ஏற்றி, கணவரை மேசையடியில் இருத்தினார். பிறகு, வீடு தெரிகிற யன்னலின் திரையை மட்டும் இறுக இழுத்து மூடினார்.